குழாய்ப் பக்கத்திலிருந்து மூன்றாவது வீடு

எங்கள் வீட்டுக்கு இணையக் கம்பி இழுக்க வந்தவர் ஏணியை விட்டு இறங்குவதற்குள், தாமான் என்று நாங்கள் சொல்லும் இந்தக் குடியிருப்புக்கு முதன்முதலில் குடிவந்தது தான்தான் என்று அப்பா அவரிடம் சொல்லிவிட்டார். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, மோடத்தை எங்கே வைக்கலாம் என்று கேட்டார். அப்பாவோ, அந்தக் காலத்தில் இங்கே விளக்குக் கம்பமே கிடையாது என்பதைக் காட்ட அவரை வாசலுக்கு அழைத்துப் போனார். இல்லாத கம்பத்தை ஒருவர் எப்படிக் காட்ட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இருவரும் வெயிலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

கேஸ் கொண்டுவருபவர், புல் வெட்டுபவர், ஓட்டுக் கேட்டு வருபவர் எல்லோருக்கும் இது தெரியும். அப்பாவுக்கு எண்பத்து நான்கு வயது. ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டை விட்டுச் சொந்த வீடு வாங்கிக்கொண்டு வெளியே வந்த முதல் ஆள். சிம்பாங் ரெங்கத்துக்குச் சற்றுத் தள்ளி, ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்த செம்மண் மேட்டில் வீடு என்றபோது கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். அங்கே பன்றிதான் பக்கத்து வீடு என்றார்களாம். அப்பா அந்தச் சிரிப்பை மறக்கவே இல்லை. இன்று இந்தத் தாமானில் ஐந்நூறு வீடு இருக்கிறது, இரண்டு கிளினிக் இருக்கிறது, முடி வெட்டும் கடையில் ஏர்கோன் இருக்கிறது. இவையெல்லாம் அவர் வந்த பிறகுதான் வந்தன. அதனால் அவர் வந்ததால்தான் வந்தன என்று அவர் நம்புகிறார்.

சென்ற ஆண்டு பிள்ளைகள் விளையாடும் திடலின் ஓரத்தில் ஒரு பொந்தோக் கட்டினார்கள். உட்கார்ந்து காற்று வாங்க ஒரு சின்னக் குடில், அவ்வளவுதான். எங்கள் குடியிருப்பாளர் குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியர். எல்லோரும் அவரைச் சிக்கு, அதாவது வாத்தியார், என்றே அழைப்போம். தாமானில் முதலில் குடிவந்தவர்தான் ரிப்பன் வெட்டித் திறந்துவைக்க வேண்டும், அவர் பெயரைப் பலகையில் எழுதி அங்கே மாட்டப் போகிறோம் என்று அவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். நான் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. அப்பா அன்றே சட்டையை இஸ்திரி போடச் சொல்லிவிட்டார்.

மறுநாள் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. நாலாம் நம்பர் வீட்டுச் சீன ஆன்ட்டி. எங்களுடையது மூன்றாம் நம்பர். நடுவே ஒரு சுவர்தான். முதலில் வந்தது தன் குடும்பம்தான் என்று ஆன்ட்டி மலாயில் சொன்னார். இரண்டு குடும்பமும் வந்தது ஒரே வாரத்தில். அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். நாம் வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம், அவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தார்கள் என்றார். சிக்கு இருவரையும் பகைத்துக்கொள்ள விரும்பாமல், யாரிடம் சான்று இருக்கிறதோ அவர்கள் குழுவில் போடலாம் என்று எழுதினார்.

சாவி கொடுத்த கடிதத்தைக் கறையான் எப்போதோ தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு போட்டோ. பால் பொங்கும் நேரத்தில் சித்தப்பா எடுத்தது. ஓரத்தில் தேதி அச்சாகியிருக்கும்.

"பாப்பா, அத எடுத்துக் குருப்புல போடு. அதோட வாய மூடிருவாங்க," என்றார் அப்பா.

பாப்பாவுக்கு ஐம்பத்தொரு வயது. மரச்சாமான் தொழிற்சாலையில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் குழுவில் ஐந்து வருடமாக நான் கட்டைவிரல் படம் தவிர வேறு எதுவும் போட்டதில்லை. ஒருமுறை மட்டும் கை தவறி எங்கள் வீட்டு வாழைப்பூவின் படம் போய்விட்டது. வெட்கத்தில் இரண்டு நாள் கைப்பேசியை அணைத்து வைத்திருந்தேன்.

போட்டோவை ஆல்பத்திலிருந்து உரித்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஆயர் ஈத்தாமில் வாங்கிய மண்பானை. பால் பொங்கி வழிகிறது. அம்மா மஞ்சள் பட்டுச்சேலையில் குனிந்திருக்கிறார். அப்பா மார்பை நிமிர்த்தி நிற்கிறார். நான் எட்டு வயதில் உப்புத் தட்டோடு பாதி வெட்டுப்பட்டு நிற்கிறேன். அம்மாவுக்குப் பின்னால், இடது பக்கம், பாத்திரம் கழுவும் சிங்க்.

எங்கள் குசினியில் சிங்க் வலது பக்கம் இருக்கிறது.

எனக்கு இது தெரியாதது இல்லை. எட்டு வயதில் பார்த்ததுதான். ஆனால் வீட்டில் யாரும் பேசாத விஷயம் நாளடைவில் நடக்காத விஷயம் மாதிரி ஆகிவிடுகிறது.

நடந்தது இதுதான். நல்ல நேரம் விடிவதற்கு முன் வந்தது. வீடுகளுக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை, நம்பர் தகடும் அடிக்கவில்லை. எங்கள் வரிசையில் ஆறு வீடு. மூன்றாவது வீடு நம்முடையது என்று அப்பாவுக்குத் தெரியும். தோட்டத்து லயத்தில் வீட்டைக் குழாய் இருக்கும் பக்கத்திலிருந்துதான் எண்ணுவார்கள். குழாயை ஒட்டித்தான் வேலையை மேய்க்கும் மண்டோர் வீடு, அதுதான் ஒன்று. இங்கே கட்டட வேலைக்குக் குத்தகைக்காரர் போட்ட தண்ணீர்க் குழாய் வரிசையின் கடைசியில் இருந்தது. அப்பா அங்கே லாரியை நிறுத்தி, டார்ச் அடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். வீடு கட்டியவர்கள் எண்ணியிருந்தது சாலைப் பக்கத்திலிருந்து. ஆறு வீட்டில் அந்தப் பக்கத்து மூன்று, இந்தப் பக்கத்து நாலு.

சாவி திரும்பவில்லை. புதுப் பூட்டு அப்படித்தான் இருக்கும் என்று அப்பா விளக்கெண்ணெயில் இரண்டு சொட்டு விட்டார். எல்லா வீட்டுக்கும் ஒரே பெட்டியில் வாங்கிய மலிவுப் பூட்டு போலிருக்கிறது. அது திறந்துவிட்டது. நிலைக்குக் குங்குமம் வைத்தோம், மாவிலைத் தோரணத்தைக் கம்பியால் இறுக்கிக் கட்டினோம், பால் காய்ச்சினோம். பால் கிழக்குப் பக்கம் வழிந்து தரையெல்லாம் ஓடியது. ரொம்ப நல்ல சகுனம் என்று அம்மா அழுதார். சித்தப்பா போட்டோ எடுத்துவிட்டு வேலைக்கு ஓடினார். சொந்தக்காரர்களை மதியச் சாப்பாட்டுக்குத்தான் அழைத்திருந்தோம்.

வெளிச்சம் வந்ததும் அப்பா வீட்டை வெளியிலிருந்து பார்த்து ரசிக்கப் போனார். மீட்டர் பெட்டியில் சாக்குக்கட்டியால் 4 என்று எழுதியிருந்தது. உள்ளே வந்து மெதுவாக, "எல்லாத்தையும் தூக்குங்க," என்றார். அவிழாத தோரணத்தை விட்டுவிட்டு, கதவைப் பூட்டி, பத்து நிமிடத்தில் பக்கத்து வீட்டுக்கு மாறினோம். பானை வழியில் விரிசல் விட்டது. பசும்பால் தீர்ந்துபோயிருந்தது. எங்கள் சொந்த வீட்டில் அம்மா சோற்றுச் சட்டியில் டின் பாலைக் கரைத்துக் காய்ச்சினார். அது பொங்கவில்லை. மேலே ஆடை மட்டும் கட்டியது.

அம்மாவுக்கு அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம். ஆன்ட்டியின் மகன் சிங்கப்பூரில் இன்ஜினியர் ஆனது பசும்பால். நான் ஸ்டோரில் இருப்பது டின் பால். அவர்கள் வீட்டில் ஆட்டோகேட், எங்கள் கேட்டைத் தூக்கித்தான் தள்ள வேண்டும். அதுவும் டின் பால்தான்.

போட்டோவை அப்படியே போட்டால் தாமானில் யாருக்கும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இரட்டை நம்பர் வீட்டுக்குத்தான் சிங்க் இடது பக்கம். கைப்பேசியில் படத்தை இடவலமாகத் திருப்பும் வசதி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். திருப்பினேன். சிங்க் அழகாக வலது பக்கம் போனது. அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "முந்தானி ஏன் இந்தத் தோள்ல கெடக்கு? நான் என்ன சேட்டு வீட்டுப் பொம்பளையா?"

அப்பாவின் சட்டைப் பையும் வலது பக்கம் போயிருந்தது. தேதி கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தது. அதை அழிக்கப் போனேன். எதை அழுத்தினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திருப்பாத படம் குழுவில் போய் உட்கார்ந்துகொண்டது.

சிக்கு உடனே கட்டைவிரல் போட்டார். தேதியை மட்டும் பார்த்துவிட்டு, உறுதியான சான்று என்று எழுதினார். யாரோ பூங்கொத்து போட்டார்கள். நாலாம் நம்பரிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. கால் மணி நேரத்தில் எங்கள் கேட்டைத் தூக்கித் தள்ளும் சத்தம் கேட்டது.

ஆன்ட்டியின் அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அதனால் ஆன்ட்டி தமிழ் நன்றாகப் பேசுவார். கைப்பேசியை அப்பா முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அண்ணே, இது யார் வீட்டுக் குசினி?"

அப்பா அணைந்திருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிங்க் இந்தப் பக்கம். சன்னல் அந்தப் பக்கம். இது என் குசினி லா. என் குசினில நீங்க எப்படி?"

"அப்ப லைட் இல்ல," என்றார் அப்பா.

அம்மாதான் எல்லாவற்றையும் சொன்னார். நாற்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததால் குழாய், எண்ணெய், டின் பால் என்று ஒன்றையும் விடவில்லை. ஆன்ட்டி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு அவர் பக்கத்துக் கதையைச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கதவைத் திறந்தபோது நிலையில் சிவப்புப் பொட்டு, மேலே இலை, குசினித் தரையில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. பூட்டிய வீட்டுக்குள் யார் வர முடியும்? இந்த மண்ணின் சாமிதான் வந்து ஆசி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்று மாமியார் சொல்லிவிட்டார். அந்த இடத்தைக் கழுவ விடவில்லை. அதன்மேல் ஒரு சின்னச் சிவப்புச் சாமி மேடை வைத்தார்கள். தினமும் ஊதுவத்தி, தேநீர், இரண்டு ஆரஞ்சு. பிற்பாடு மகன் குசினி முழுக்க மார்பிள் போட்டபோதும் அந்த ஒரு சதுரம் மட்டும் பழைய சிமெண்ட்டாகவே இருக்கிறது.

"அலமாக். நாப்பது வருசமா நான் உங்க பாலயா கும்புட்டேன்?"

அப்பா, "நல்ல பசும்பால்தான்," என்றார்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஆன்ட்டி சிரிக்கவில்லை. அந்த மூலையில் குளிர்சாதனப் பெட்டி வைக்க வேண்டும் என்று மகன் பல வருடமாகக் கேட்கிறானாம். இந்தக் கதை அவன் காதுக்குப் போனால் அடுத்த வாரமே சாமி மேடையை எடுத்துவிடுவான். மாமியார் சாகும்போது கேட்டுக்கொண்டது அந்த ஒன்றுதான்; அதை அசைக்கக் கூடாது என்று. சொல்லிவிட்டு ஆன்ட்டி விரலை நீட்டினார்.

"நீங்க மொத ஆளு. சிக்குகிட்ட நானே சொல்றேன், நான் வந்தப்ப இவங்க இருந்தாங்கன்னு. அது உண்மதானே. ஆனா என் வீட்டுக்கு வந்தது சாமி. நீங்க வரல. ஆமோய், போட்டோவ எடுத்திடு."

ஆமோய் என்றது என்னைத்தான்.

அப்பாவுக்கு இது லேசாக இல்லை. முதல் ஆள் என்று அவர் பேர் வாங்க வேண்டும் என்றால், முதல் ஆளாக நின்ற அந்த ஒரு மணி நேரத்தையே இல்லை என்று சொல்ல வேண்டும். கட்டிய தோரணம், வழிந்த பால், எல்லாம். "நான் வந்தேன்ல," என்றார் சின்னக் குரலில். அம்மா சரி என்று சொல்லும்படி அவர் முழங்கையைத் தட்டினார். அப்பா தலையை ஆட்டினார்.

நான் படத்தை எல்லோருக்குமாக அழித்தேன். ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று சிக்கு கேட்டார். படம் மங்கலாக இருந்தது என்று எழுதினேன். அந்தக் குழுவில் நான் எழுதிய முதல் வாக்கியம் பொய்யாகப் போனது. பின்னாலேயே ஆன்ட்டியின் குரல் பதிவு வந்தது, முதலில் வந்தவர் அண்ணன்தான் என்று.

விழா அன்று அப்பா அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டார். மூன்று வாரத்தில் நான்கு முறை இஸ்திரி போட்டிருந்தோம். கத்திரிக்கோல் மொக்கை, ரிப்பன் மடிந்ததே தவிர அறவில்லை. ஆன்ட்டி முன்னால் வந்து ஒரு முனையை இழுத்துப் பிடித்தார். பிறகுதான் அறுந்தது. சிக்கு ஒலிபெருக்கியைக் கொடுத்து, முதல் நாளைப் பற்றிச் சொல்லச் சொன்னார். அப்பா கதை சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தியதே இல்லை.

மலாயில் சொன்னார். விளக்குக் கம்பம் இல்லாததைச் சொன்னார். லாரி, செம்மண், பன்றி, டார்ச் எல்லாம் சொன்னார். கதவைத் திறந்தோம், பால் காய்ச்சினோம், அது பொங்கிக் கிழக்குப் பக்கம் ஓடியது என்றார். அது எந்த வீடு, இங்கிருந்து தெரிகிறதா என்று சிக்கு ஆர்வமாகக் கேட்டார்.

அப்பா ஆன்ட்டியைப் பார்த்தார். கூட்டத்தில், சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஆன்ட்டியின் மகனும் இருந்தான்.

"குழாய்ப் பக்கத்திலிருந்து மூன்றாவது வீடு," என்றார்.

அந்தக் குழாயைப் பிடுங்கி எறிந்து முப்பத்தைந்து வருடம் இருக்கும். அது எங்கே இருந்தது என்று தெரிந்தவர்கள் அங்கே நான்கு பேர்தான். எல்லோரும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். முதலில் தட்டியது ஆன்ட்டி.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை அம்மா இரண்டு பாக்கெட் பசும்பால் வாங்கிவரச் சொன்னார். புதுச்சட்டியைக் கழுவிப் பொட்டு வைத்தார். ஆன்ட்டி இரண்டு ஆரஞ்சோடு வந்து சிங்க்குக்குப் பக்கத்தில், வலது பக்கம், நின்றார். அப்பா நாற்காலியைக் குசினிக்கு இழுத்துவந்து போட்டு, இதெல்லாம் இப்போது எதற்கு என்று முனகிக்கொண்டே கிழக்கு எந்தப் பக்கம் என்று காட்டினார். நான் கைப்பேசியை எடுத்தேன்.

அம்மா அடுப்பைப் பற்ற வைக்கப் போனவர் நிறுத்தினார்.

"நீ போயி மொதல்ல நம்பரப் பாத்துட்டு வா."

நான் செருப்பில்லாமல் வாசலுக்குப் போய், தகட்டைப் பார்த்துவிட்டு வந்து, மூன்று என்று சொன்னேன். அதன் பிறகுதான் பற்ற வைத்தார்.