கோடு நீக்கும் வேலை

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி முதலாளி ஒருவரின் ஆபீசில் வேலை பார்த்தேன். அவர் போட்ட போர்வெல்களின் விவரமெல்லாம் ஒரே கோப்பில் இருந்தது. போன் நம்பர்களுக்கு நடுவே இருந்த சிறு கோடுகளை நீக்குவது என் வேலை. கோடைக்காலம் முழுக்க ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

பெங்களூரிலிருந்து முதலாளியின் மருமகன் வந்தார். என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். கறுப்புத் திரையில் ‘டிஆர்’ என்று தொடங்கும் ஒரே வரியைத் தட்டினார். எழுத்துகளை மாற்றவும் அழிக்கவும் செய்கிற கட்டளையாம். கண் இமைப்பதற்குள் கோடுகள் காணாமல் போயின. பழைய கோப்பையும் அப்போதே அழித்தார்.

“இதுக்கா இந்தப் பொண்ணுக்குச் சம்பளம் கொடுத்தீங்க?” என்று சிரித்தார். ஆபீசே சிரித்தது.

முதலாளி அன்பாகத்தான் சொன்னார். “நாளையிலிருந்து வர வேண்டாஞ் சாமி. போறதுக்கு முன்னால எல்லாம் சரியா இருக்கான்னு ஒருக்கா பார்த்துக் குடுத்துட்டுப் போ.”

பார்த்தேன். கட்டளை போன் நம்பரோடு நிற்கவில்லை. 300-350 அடி என்றிருந்த ஆழமெல்லாம் 300350 அடி ஆகியிருந்தது. வண்டி நம்பர்களும் ஒட்டிக்கொண்டிருந்தன.

“சரியா இருக்குதா சாமி?”

“சரியா இருக்குங்க.”

பத்து நாள் கழித்து முதலாளியே போன் செய்தார். ஆழத்தை வைத்துத்தான் எல்லாருக்கும் பில் போடுவார்கள். ஒரு பில்லும் போட முடியவில்லையாம். “ஊட்டுல இருந்தே சரிபண்ணித் தர முடியுமா சாமி?”

“மருமகனைக் கேளுங்க” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன்.