பெரியம்மா அணைத்த ஜெனரேட்டர்

என் பெரியம்மாவிடம் நல்ல வார்த்தையை எதிர்பார்த்து யாரும் வருவதில்லை. புல்வெட்டி, மருந்தடிக்கும் மோட்டார், ஜெனரேட்டர் என்று கயிறு இழுத்துக் கிளப்பும் எதுவும் அவர் கடைக்கு வரும். கொண்டுவந்தவர் வசவோடு திரும்புவார். "குளிர்ல அது எழுந்திரிக்கலன்னா அடிச்சே கொன்னுடுவியா?" என்பதுதான் அவருடைய வரவேற்பு.

பெரியப்பா இறந்த மாதமே அவருடைய தம்பி, பெரியப்பாவும் பெரியம்மாவும் சேர்ந்து நடத்திய பட்டறைக்குப் புதுப் பூட்டு போட்டார். "பொம்பளைக்கு எதுக்கு ஸ்பேனர்?" என்று தெருவே கேட்கும்படி கத்தினார். பெரியம்மா எதிர்ச்சாரியில் தகரக் கொட்டகை போட்டார். கடைப் பலகையில் என் இயந்திரவியல் பட்டத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அங்கே ஒரு திருகாணியைக்கூட நான் தொட்டதில்லை. ஆனாலும் அந்தப் பலகையைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

எட்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. போன குளிர்காலத்தில், புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த ஒரு காலையில், அந்தக் கொழுந்தனின் மனைவி செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தாள். அவர்கள் புதிதாகக் கோழி வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். முந்தின நாள்தான் ஐந்நூறு குஞ்சுகளை இறக்கியிருந்தார்கள். மின்சாரம் போய், சூட்டு விளக்குகள் அணைந்துவிட்டன. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை.

"அக்கா, குளிர் தாங்காம ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்குதுங்க. வாங்கக்கா."

பெரியம்மா பையை எடுத்தார். நானும் கூடப் போனேன்.

கொழுந்தன் கயிற்றைப் பிடித்தபடி மூச்சிரைத்துக்கொண்டிருந்தார். "படிச்சவனையும் கூட்டிட்டு வந்தாச்சா அண்ணி? அப்ப ஜெனரேட்டர் பயந்தே கிளம்பிடும்."

"தள்ளு. எத்தனை தடவை இழுத்த?"

"நாப்பது இருக்கும்."

"சோக்கை மூடியேவா?"

"குளிருக்கு மூடித்தான வைக்கணும்?"

"ரெண்டு இழுப்புக்குத்தான். அதுக்கு மேல காத்து போகாம பெட்ரோல்ல முக்கிடும். மூக்கைப் பொத்தி வாயில ஊத்திட்டே இருந்தா நீ எழுந்து ஓடுவியா?"

ப்ளக்கைக் கழற்றினார், நனைந்து சொட்டியது. பெட்ரோலை அடைத்து, சோக்கைத் திறந்து, ப்ளக் இல்லாமலே ஏழெட்டு முறை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றினார். ப்ளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டி, பெட்ரோலைத் திறந்தார். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. கோழிக் கொட்டகைக்குள் விளக்குகள் சிவந்தன.

கொழுந்தன் கையைத் தட்டிக்கொண்டார். "நான் இழுத்து இழுத்து இளக்கி வச்சிருந்தேன். கடைசி இழுப்பு மட்டும்தான் அண்ணியோடது."

பெரியம்மா ஜெனரேட்டரை அணைத்தார்.

"இளகித்தானே இருக்கு? இழு."

கொழுந்தன் வீம்புக்கு மறுபடி சோக்கை மூடினார். சூடேறிய இன்ஜினுக்கு அது கூடாது, எனக்கே தெரியும். சொல்ல வாயெடுத்தேன். பெரியம்மா ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டேன். கொழுந்தன் இருபது இழுப்பு இழுத்தார். அது கமறியதே தவிரக் கிளம்பவில்லை.

அவர் மனைவி உள்ளே ஓடி, ஒரு தட்டில் குஞ்சுகளை அள்ளிவந்து பெரியம்மாவின் காலடியில் வைத்தாள். மூன்று அசையவில்லை.

"உங்க ரெண்டு பேர் ரோஷத்துக்கு இதுங்களா சாகணும்?"

கொழுந்தன் கயிற்றை விட்டார். "கிளப்புங்க அண்ணி. என்னால ஆகல."

"சத்தமா சொல்லு."

"என்னால ஆகல!"

பெரியம்மா மறுபடி ப்ளக்கைக் கழற்றித் துடைத்துக் கிளப்பினார். விளக்குகள் எரிந்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்தார்.

பாதி வழியில், "மூணு குஞ்சு, பெரியம்மா," என்றேன்.

"எனக்கும் எண்ணத் தெரியும். வாயை மூடிட்டு நட."