ஒலிபெருக்கியில் சித்தப்பா

ஓசூர் பேருந்து நிலையம் அருகே எருதுவிடும் விழாவுக்கு ஆட்டோவில் விளம்பரம் போனது. "மாடு வருது, ஒதுங்கு!" கேட்டதுமே எனக்குச் சுக்கு வாசனை அடித்தது. சித்தப்பா குரலேதான்!

என் சின்ன வயதில், ஊரே 'மைக் முனிராஜ்' என்று கூப்பிட்ட அவர் மைக் பிடித்தால்தான் விழா. கன்னத்தில் சுக்கை ஒதுக்கிக்கொண்டு தமிழில் அறிவிப்பார். செருமிவிட்டுத்தான் தெலுங்குக்குப் போவார். முந்தின நாள் குரல் கெடக்கூடாதென்று பேசவே மாட்டார், காபிக்குக்கூடக் கைதட்டுவார். இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் நாளை விழா என்பதால் இன்று காலையும் கைதான் தட்டினார்.

ஆட்டோவை மறித்தேன். "தம்பி, இது மைக் முனிராஜ் குரல்தானே?"

"யாருங்ணா அது, யூடியூபரா? இது கம்ப்யூட்டர் குரல்."

ஒலிபெருக்கி தமிழை முடித்தது. செருமியது. தெலுங்கில் தொடங்கியது.

"கம்ப்யூட்டருக்கு எதுக்குடா தொண்டை கட்டுது?"

அவன் என்னைப் பார்க்காமலே சத்தத்தைக் குறைத்தான்.