சோபாவின் ஓரத்துப் பெண்

மனைவி தவறிப்போய் ஒரு வருடமாகிறது. செந்தூல் அடுக்குமாடியில் என்னோடு தினமும் பேசுவது மாடி எண் சொல்லும் லிஃப்டின் குரல் மட்டும்தான். சிங்கப்பூரிலிருக்கும் மகளின் நச்சரிப்பு தாங்காமல் பங்சாரில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். ஓவியம் வரைய அல்ல, பார்க்க. பார்ப்பதற்கும் ஒரு வகுப்பா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன்.

அன்று டீச்சர் ஒரு படத்தைத் திரையில் போட்டார். அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பியப் படமாம். நீல உடுப்பில் ஒரு பெண், நீளமான சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முகம் பச்சை கலந்த மஞ்சள். சோபாவும் சுவரும் ஒரே சிவப்பு.

ஒருவர் காமாலை என்றார், இன்னொருவர் பொறாமை என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமைமா அது. மஞ்சள் பூசிக் குளிச்சிட்டு வந்து உக்காந்திருக்கா. என் வீட்டுக்காரி இப்படித்தான் இருப்பா."

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"நல்லா பாத்திருக்கீங்க அங்கிள். தோல் நிறத்த அப்படியே காட்டணும்னு இவரு நினைக்கல. சிவப்புக்குப் பக்கத்துல பச்சைய வச்சா ரெண்டும் முட்டிக்கும். அதான் கண்ணு நேரா முகத்துக்குப் போவுது. சரி, அவங்கள ஏன் ஓரத்துல வச்சிருக்காரு? நடுவுல அவ்ளோ இடம் காலியா இருக்கே?"

"நடு இடம் புருஷனுக்கு. அவளுக்கு ஓரந்தான் பிடிக்கும்" என்றேன் பட்டென்று.

"அப்படின்னு அவங்க சொன்னாங்களா அங்கிள்?"

விளையாட்டாகத்தான் கேட்டார். முப்பத்தெட்டு வருடம் எங்கள் சோபாவில் நான் நடு, அவள் ஓரம். நான் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை. என்னோடு அவள் சந்தோஷமாக இருந்தாள் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஒரு வருடத்தை ஓட்டியிருந்தேன். அது ஆட்டம் கண்டதும் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அந்த ஓரத்தில் உட்கார்ந்து டிவியைப் போட்டேன். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து திரையில் அடித்தது. கண் கூசியது. நடுவில் உட்காரும்போது இப்படிக் கூசியதே இல்லை. சத்தம் கேட்டதே தவிர ஒரு முகமும் தெரியவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு தினமும் இதே நேரத்தில்தான் சேர்ந்து சீரியல் பார்ப்போம். "யாருங்க வந்தது? ஏன் அழுவுறா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று எரிந்து விழுவேன். கொஞ்சம் தள்ளி உட்காருங்க என்று ஒரு நாளும் அவள் சொல்லவில்லை.

வெயில் இறங்கும்வரை அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.