ஏரிக்குப் போன காகிதப்பூ வேலி

எனக்குச் சுத்தம் ஒரு வியாதி. பிறந்து வளர்ந்தது ஸ்ரீரங்கம். வாசல் தெளித்துக் கோலம் போடாத வீட்டைக் கண்டால் இன்றைக்கும் கை பரபரக்கும். கல்யாணமாகிக் கைலாசபுரத்துக்கு வந்தேன். என் கணவர் அங்கே தொழிற்சாலையில் ஃபிட்டர். குடியிருப்பில் வருஷா வருஷம் தோட்டப் போட்டி நடக்கும். வாசல் நெடுக நான் வளர்த்திருந்த காகிதப்பூ வேலியின் புண்ணியத்தில் மூன்று வருஷம் தொடர்ந்து இரண்டாம் பரிசு வாங்கினேன். முதல் பரிசு வாங்கிய வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவ்வளவு பெருந்தன்மை எனக்கு.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் பக்கத்துக் கே.கே. நகரையும் தாண்டித் தெற்கே போனால் ஒரு சின்ன ஏரி உண்டு. ஏரிக்குள் கருவேல மரங்கள். மழைக்காலத்தில் நத்தைகுத்தி நாரைகள் அங்கே வந்து கூடு கட்டும். அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு உரம் வேண்டாம் என்பதால், ஏரிக்கரை ஊர்க்காரர்கள் பறவை மேல் ஒரு கல் விழ விடமாட்டார்கள். சரணாலயம் என்று பலகையெல்லாம் கிடையாது. ஊர்க் கட்டுப்பாடுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவரும் அவருடைய நண்பர்கள் ஏழெட்டுப் பேரும் சைக்கிளில் போய்ப் பறவைகளை எண்ணுவார்கள், கரையில் காவல் இருப்பார்கள். கேரியரில் உட்கார்ந்து நானும் போவேன்.

அந்த வருஷம் மரங்களை விறகுக்கு ஏலம் விடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. ஊரும் நாங்களும் சேர்ந்து மனுக் கொடுத்தோம். வனத்துறை ரேஞ்சர் நல்ல மனிதர். "தீபாவளி முடிஞ்சு பத்தாம் நாள் நேர்ல வந்து பாக்கறேன். கூடு இருந்தா மரத்தைத் தொட விடமாட்டேன். இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றார்.

அதிகாரி வருகிறார் என்றதும் என் வியாதி முற்றிவிட்டது. "இடம் இப்படியா கிடக்கும்?" என்று நண்பர்கள் எல்லோரையும் கிளப்பினேன். ஏரி அப்போது வறண்டு கிடந்தது. இரண்டு ஞாயிறு உழைத்தோம். மரத்தடிச் சுள்ளி, முள், குப்பை எல்லாவற்றையும் பெருக்கிக் குவித்துக் கொளுத்தினோம். எங்கள் குடியிருப்புச் சாலை மரங்களுக்கு அடிப்பது போலவே ஒவ்வொரு அடிமரத்துக்கும் வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்தோம். கரைக் கற்களைக்கூட விடவில்லை. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஐப்பசி மழையில் ஏரிக்குத் தண்ணீர் வந்தது, பின்னாலேயே நாரைகளும் வந்தன. வந்தவை மரங்களின் மேல் வட்டமடித்தன, உட்காரவில்லை. தூரத்துப் பனை மரங்களுக்குப் போய்விட்டன. மறுநாளும் அதே கதை.

தீபாவளிக்கு மறுநாள் நாங்கள் கரையில் விழித்துக்கொண்டு நின்றபோது, மாட்டுக்குப் புல் அறுக்கும் ஊர்க்காரப் பெண் ஒருத்தி வந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"ஏங்க, இது என்ன மாரியம்மன் கோயிலா, பட்டை அடிச்சு வெச்சிருக்கீங்க? கீழே கெடந்த சுள்ளியெல்லாம் எங்கே?"

"எரிச்சுட்டோம்" என்றேன்.

"எரிச்சிட்டீங்களா! கூடு கட்டற சாமானைக் கொளுத்திப்புட்டு, கூட்டை எண்ண வந்திருக்கீங்களாக்கும்!"

சண்டைக்கு நான் சளைத்தவளே இல்லை. ஆனால் அவள் சொன்னது நியாயம். அந்த மரங்கள் போனால் அது என் விளக்குமாற்றால்தான் போகும் என்று புரிந்தது. வீடு வரும்வரை கேரியரில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலை வேலியின் முன்னால் போய் நின்றேன். நீளமான கொம்புகள், நல்ல முள், கொத்துக் கொத்தாய்ச் சிவப்புப் பூ. என் கணவருக்குப் புரிந்துவிட்டது.

"இன்னும் ரெண்டு வாரத்துல போட்டி இருக்கு. நல்லா யோசிச்சுக்க."

"யோசிச்சாச்சு. அரிவாளை எடுங்க."

ஒரு மணி நேரத்தில் வேலி மொட்டை. கட்டுக் கட்டாகச் சைக்கிளில் ஏற்றினோம். நண்பர்கள் தங்கள் வீட்டில் வெட்டிப்போட்ட கிளைகளைக் கொண்டுவந்தார்கள். ஊர்ப் பெண்கள் வயல் வேலியிலிருந்து முள்ளை இழுத்துவந்தார்கள். ஏரிக் கரையிலும் நடுத்திட்டிலும் எல்லாவற்றையும் இறைத்தோம். பிறகு புல் அறுக்கும் பெண்ணும் நானும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, சேற்றை வாரி வாரி மரங்களில் அடித்திருந்த வெள்ளை, காவிப் பட்டை மேல் பூசினோம். என் வாழ்க்கையில் முதன்முறையாகப் பாடுபட்டு ஒரு இடத்தை அழுக்காக்கினேன்.

"இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு" என்றாள் அவள். அதன் பிறகு யாரும் ஏரிக்குள் இறங்கக் கூடாது என்று எங்களையும் சேர்த்து விரட்டிவிட்டாள்.

பட்டை பிடிக்கவில்லையா, சுள்ளி இல்லாத குறையா, எங்கள் நடமாட்டமா, நாரைகளுக்கு எது ஆகவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான்காம் நாள் ஒரு நாரை திட்டில் இறங்கி ஒரு சுள்ளியைக் கவ்விக்கொண்டு மேலே போனது. அதற்கடுத்த நாள் மரமெல்லாம் ஒரே கலவரம், அலகு தட்டும் சத்தம். கரையில் நின்று கத்தவும் முடியாமல் நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டோம்.

சொன்னபடி பத்தாம் நாள் ரேஞ்சர் வந்தார். ஒவ்வொரு மரமாக எண்ணிக்கொண்டே வந்தவர் ஒரு கூட்டைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அது என்னங்க, கூட்டுல பூ வெச்சிருக்கு?"

கருவேல மர உச்சியில், முள்ளுக்கு நடுவே, வாடிய சிவப்பில் என் காகிதப்பூ.

"இந்தம்மா வீட்டு வேலிங்க அது" என்றாள் புல் அறுக்கும் பெண், ஏதோ அவளே நட்டு வளர்த்தது போல. ரேஞ்சர் சிரித்துவிட்டார். "இந்த மரத்துல எவன் கை வெக்கறான்னு பாக்கறேன்" என்று நோட்டை மூடினார். ஏலம் நின்றது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூடப் பட்டதில்லை. என் கணவரிடமே அதைச் சொன்னேன்.

அடுத்த வாரம் தோட்டப் போட்டிக்கு நடுவர்கள் வந்தார்கள். மொட்டைக் கட்டைகளைப் பார்த்துவிட்டு, "வேலி எங்கேம்மா?" என்று கேட்டார் ஒருவர்.

"ஏரியில இருக்கு சார், மரத்து மேல. ஞாயித்துக்கிழமை வாங்க, காட்டறேன்" என்றேன்.

எனக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. முதல் பரிசு வழக்கம்போல அதே வீட்டுக்குத்தான். சாயங்காலம் நானே அந்த வீட்டுக்குப் போனேன், வாழ்த்துச் சொன்னேன், அவர்கள் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்தேன்.