பெட்ஷீட் கட்டிய ஆள்

அமெரிக்காவில், பிளானோ நகரில் விசா முடிந்து ஒளிந்திருந்த காலம் அது. பொலிஸ் ரேடியோ கேட்க, சிவப்பு எண்கள் ஓடும் பழைய ஸ்கேனர் ஒன்று வைத்திருந்தேன்.

ஒரு மாலை அது சொன்னது: "இடுப்பில் பெட்ஷீட் கட்டிய கறுத்த ஆள், வீடுகளை நோட்டம் பார்க்கிறான்."

என்னோடு அறையில் தங்கியிருந்த சிவம் அண்ணைதான். சாப்பிட்டதும், லுங்கிபோல் கட்டும் சாரத்தோடு நடக்கப் போயிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் வராது.

நானும் சாரத்தைக் கட்டிக்கொண்டு ஓடி, தெருவில் அவரைப் பிடித்தேன்.

"உன்னட்ட விசா பேப்பர் இல்லையேடா, ஏன் வந்தனீ?" என்றார்.

"நடக்கத்தான் வந்தனான், அண்ணை."

பொலிஸ் கார் வந்து நின்றது.

"சாப்பாடு செமிக்க நடக்கிறோம். நடக்கக்கூடாதா?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

பொலிஸ்காரர் எங்கள் சாரங்களைப் பார்த்துவிட்டு, பேப்பர் எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

அன்றோடு ஸ்கேனரை அணைத்தேன். அதில் யார் என்ன சொன்னாலும், மாலையில் நான் நடப்பேன்.