கடலோரம் போன அன்பரசன்

தன்னைத் தேட ஒரு ஆள் இருக்கா, இல்லையா? இதைத் தெரிஞ்சுக்க ஒரு மனுஷன் சைக்கிளை எடுத்துக்கிட்டு கடலோரமா கிளம்புவானா? அன்பரசன் கிளம்பினான், அதான் கூத்து.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒண்ணுல கட்டிங் சூப்பர்வைசர். அப்பா போனதும் தம்பியைப் படிக்க வெச்சான், தங்கச்சி பாரதியைக் கட்டிக் குடுத்தான். தனக்குன்னு ஒரு கல்யாணம் பண்ணிக்க மறந்தே போய்ட்டான். நாப்பத்தெட்டு வயசு. ஆர்டர் கம்மின்னு கம்பெனியில ஒரு வாரம் லீவு விட்டாங்க. பாரதி வீட்டுக்குப் போய், "வேளாங்கண்ணி வரைக்கும் சைக்கிள்லயே போறேம்மா, தனியா, டென்ட் போட்டுத் தங்கி"ன்னான். "ம், போய்ட்டு வாண்ணா"ன்னா அவ, சீரியலைப் பாத்துக்கிட்டே.

சைக்கிளை பஸ் மேல ஏத்தி மகாபலிபுரம் வரைக்கும் போய், அங்கேர்ந்து தெக்கால மிதிச்சான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், மூஞ்சில அடிக்கிற காத்து. டீக்கடையில டீ சொல்றதுதான் அவன் பேசின பேச்சு. போன்ல சார்ஜ் இருக்கான்னு அடிக்கடி பாத்துக்குவான். இருக்கும். யாரும் கூப்பிடத்தான் மாட்டாங்க.

கடலூர் தாண்டி ஒரு மீனவர் குப்பத்துக்கிட்ட, அலைக்குப் பக்கத்துலயே டென்ட் அடிச்சான். பாலாத்தங்கரைக்காரன் இல்லையா! மணல்னா அவனுக்குத் தண்ணி வராத இடம். பொழுது விடியறப்ப பௌர்ணமிக் கடல் ஏறி வந்து, ஆளைப் பாயோட உருட்டிடுச்சு. ஒரு செருப்பு போயே போச்சு. தோல் ஊர்க்காரன் ஒத்தைச் செருப்போட நின்னான்! அவனுக்கே சிரிப்பு தாங்கல. எத்தனையோ வருஷம் கழிச்சு அவனுக்குன்னு ஒரு சங்கதி நடந்திருக்கு, யார்கிட்டயாவது சொல்லியாகணும். நல்ல வேளை, போன் நனையல. பாரதிக்குப் போட்டான்.

"அண்ணா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். சாயந்திரம் பாப்பாவ டியூஷன்லேர்ந்து கூட்டியாந்துடறியா?"

"நான் ஊர்ல இல்லம்மா."

"இல்லியா? எப்ப போன?"

சொல்லிட்டுத்தானே வந்தேன்னு கேக்க வாய் வரல. "நேத்துதான்"னு பொய் சொன்னான். கிளம்பி மூணு நாளாச்சு.

"சரி, வந்ததும் சொல்லு"ன்னு வெச்சுட்டா. எங்க, எதுக்கு, ஒரு வார்த்தை கேக்கல. அன்பரசன் அழுதான். கண்ணைத் தொடைச்சுக்கணும்னு கூடத் தோணல.

கருவாடு காயப் போட வந்த ஒரு அக்கா அவன் நனைஞ்ச மூட்டையைப் பாத்துத் தலையில அடிச்சுக்கிட்டா. "என்னண்ணே இது, கடல் வாயிலயா போய்ப் படுப்பாங்க? சாப்ட்டீங்களா?"

கிளம்பினதுலேர்ந்து அதைக் கேட்ட முதல் ஆள் அவதான்.

"ஆச்சுக்கா"ன்னான். வயிறு காலி. யாரும் கேட்டே பழக்கமில்லாதவன், வேற இன்னா சொல்லுவான்?